காசுக்கு முழுகுகிறவன்

ஹார்பர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று ராயபுரத்தில் யாரைக் கேட்டாலும் கறுப்பாக இருக்கும் என்பார்கள். எப்படி ருசிக்கும் என்று சொல்லத் தெரிந்தவன் சுப்புராயன்தான். கரித்தூள், எஞ்சின் எண்ணெய், அழுகின முட்டைக்கோசு, கப்பல் கக்கூசிலிருந்து குழாய் வழியாக இறங்குகிற சங்கதி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு துரு ருசி. ஒன்பது வருஷமாக அந்தத் தண்ணீரில் முழுகிப் பெண்டாட்டி பிள்ளையைக் காப்பாற்றினான். எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது. அவனுக்கும் குமட்டத்தான் செய்தது. கரையேறியதும் த்தூ என்று துப்புவான், வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் துப்பிக்கொண்டே போவான், சோற்றில் கை வைக்குமுன் உப்புத் தண்ணீரால் நாலு தரம் கொப்பளிப்பான். அப்படியும் மீன் குழம்பு அவனுக்கு எஞ்சின் எண்ணெயாகத்தான் இறங்கியது.

கப்பலில் வருகிறவர்களுக்குப் பட்டணத்தில் அரைநாள் பொழுது போக வேண்டும். அதற்கென்று சில வேடிக்கைகள் உண்டு. ரிக்‌ஷாவில் ஏறி ராயபுரம் மாதா கோயிலைச் சுற்றி வருவார்கள். கட்டுமரத்தில் உட்கார்ந்து ஓர் அலைக்குக் கூச்சல் போட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். மீன் ஏலம் நடக்கிற இடத்தில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படம் பிடிப்பார்கள். அந்த நாற்றத்தைத் தேடித்தான் அவ்வளவு தூரம் வந்திருப்பார்கள், வந்த பிறகு மூக்கைப் பொத்துவார்கள். இத்தனையும் முடிந்து கப்பல் ஏறிய பிறகு, புறப்படும் வரை இன்னும் ஒரு வேடிக்கை பாக்கி இருக்கும். மேலே கம்பியில் சாய்ந்துகொண்டு தண்ணீரில் காசு எறிவது, கீழே மனுஷர்கள் முழுகி எடுப்பதைப் பார்ப்பது.

சுப்புராயன் பிறவியில் காசுக்கு முழுகுகிறவன் அல்ல. அவனுக்குச் சொந்தமாக ஒரு கட்டுமரம் இருந்தது. வஞ்சிரம் பிடித்து வந்த கை அது. யுத்தத்தின்போது கரையோரம் கெடுபிடி வந்து, மரம் தள்ளவே விடாத மாதங்களில் அடுப்பு அணைந்தது. மரத்தையும் வலையையும் விற்றுத் தின்றான். அப்புறம் ஒருநாள் பட்டாளக் கப்பல் ஒன்றின் மேலிருந்து சிப்பாய்கள் எறிந்த காசுக்கு முதல் தடவையாகக் குதித்தான். யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், சுப்புராயன் மட்டும் தண்ணீரைவிட்டு ஏறவில்லை.

அதில் ஒரு கைப்பழக்கம் உண்டு. தண்ணீரில் விழுந்த காசு நேராக இறங்காது, இலை உதிர்வதுபோல் அலைந்து அலைந்து இறங்கும். சேற்றுக்குப் போகுமுன் பிடித்துவிட வேண்டும். கோவணத்தில் பை ஏது? பிடித்த காசு கன்னத்துக்குப் போகும், தலை மேலே வந்ததும் பல்லில் கவ்விக் காட்ட வேண்டும், வலது கை நெற்றிக்குப் போய் ஒரு சலாம் வைக்க வேண்டும். சலாம் வைக்காதவனுக்கு அடுத்த காசு விழாது. பிடி, வாய், சலாம், மூன்றும் ஒரே மூச்சில் நடக்கும். ஒன்பது வருஷத்தில் அது அவன் புத்தியைக் கேட்காமலே நடக்கப் பழகிவிட்டது.

அவன் மகள் மங்கைக்குப் பத்தொன்பது வயது. எண்ணூர்க் குப்பத்திலிருந்து ஒரு சம்பந்தம் தானாக வந்தது. மாப்பிள்ளை மாரியப்பனின் அப்பா ரகுபதிக்கு இரண்டு படகு, கரையில் வலை காய வைக்கச் சொந்த இடம், ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கிற மரியாதை. பெண்ணின் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டு அனுப்பினார். "ஹார்பர்ல வேலை" என்று சுப்புராயன் சொல்லி அனுப்பினான். பொய்யில்லை, முழு நிஜமும் இல்லை. மங்கையையாவது இந்த நாற்றத்திலிருந்து கரையேற்றிவிட வேண்டும். அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஐம்பத்தொன்றாம் வருஷம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராகுகாலத்துக்கு முன்னால் நாலு மணிக்குள் தாம்பூலம் மாற்றுவதென்று பேச்சு. அன்றைக்குப் பார்த்து பினாங்கிலிருந்து பெரிய கப்பல் ஒன்று வந்து நின்றது. "இன்னிக்கு ஒரு நாளு போவாத இரு" என்று அவன் பெண்டாட்டி நீலா எவ்வளவோ சொன்னாள். வருகிறவர்களுக்கு ஒரு இனிப்பு வாங்கக்கூட வீட்டில் வழியில்லை. அவன் போனான்.

ஹார்பரில் வேடிக்கை பார்க்கிறவர்களைப் படகில் ஏற்றிக் கப்பலைச் சுற்றிக் காட்டுகிற அமீருதீன் அவனைக் கண்டதும் துடுப்பை நிறுத்தினான்.

"இன்னாபா, பொண்ணுக்குத் தாம்பூலம்னு சொன்னே, இங்க வந்து நிக்கிறே?"

"ரெண்டு முழுக்கு போட்டுட்டு ஓடிர்றேன், தோஸ்து."

"கலீஜு புடிச்ச தண்ணிபா இது. ஒரு நாளு உன்ன முழுங்கிடும், பாத்துக்கோ."

அன்று கூட்டம் அதிகம். ஞாயிற்றுக்கிழமையானதால் கப்பல் பார்க்க உள்ளூர் ஜனங்களும் வந்து கரைச் சுவர் மேல் வரிசையாக நின்றார்கள். தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தால், சூரியன் கண்ணில் அடிக்க, மேலே இருக்கிறவர்கள் யாருக்கும் முகம் தெரியாது. காலும் வேட்டியும் நிழலும்தான். கப்பலிலிருந்து ஐந்தாறு காசு விழுந்தது, எடுத்தான். பிறகு சுவர்ப் பக்கமிருந்து பளபளவென்று ஏதோ வந்து விழுந்தது. முழு ரூபாய் அளவு! பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் தள்ளிவிட்டு இரண்டு ஆள் ஆழம் இறங்கினான், பிடித்தான், மேலே வந்தான், கவ்விக் காட்டி சலாம் வைத்தான்.

சுவர் மேல் சிரிப்பு வெடித்தது. கடித்தவுடன் அவனுக்குத் தெரிந்துவிட்டது. சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தில் சுற்றிய ஓட்டுத் துண்டு. கடைவாய்ப் பல் ஒன்று மூலையில் தெறித்திருந்தது. ஓட்டு மண்ணும் புகையிலை வாசனையும் ஹார்பர் சாக்கடையும் சேர்ந்து வாய்க்குள் கரைந்தன. துப்பினான், துப்பிக்கொண்டே இருந்தான். மேலே ஒரு குரல், "இன்னொரு வாட்டி போடு, இன்னொரு வாட்டி!" என்றது. எறிந்தவனைவிட அந்த ஒரு ரூபாய்க்காகப் பக்கத்தில் இருந்தவனைத் தள்ளிய தன் முழங்கைமேல்தான் அவனுக்கு அதிக அருவருப்பு வந்தது.

வீட்டுக்கு வந்து மூன்று குடம் தண்ணீர் ஊற்றிக் குளித்தான். நீலா அரப்பு தேய்த்து விட்டாள். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, காலையில் தண்ணீரில் எண்ணெய் வழிய நின்றவன் இவன் என்று பார்த்தவர்களே சொல்ல முடியாது. உடைந்த பல்லை நாக்கு மட்டும் தேடித் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு எண்ணூர்க்காரர்கள் வந்தார்கள். ரகுபதி, அவர் பெண்டாட்டி, மாப்பிள்ளை மாரியப்பன், உறவில் நாலைந்து பேர். பாயில் உட்கார்ந்து சோடா குடித்தார்கள். காலையிலேயே ரயிலேறி வந்துவிட்டதாகவும், ஊரெல்லாம் சுற்றிப் பார்த்ததாகவும் ரகுபதி சந்தோஷமாகச் சொன்னார்.

"ஒங்க ஹார்பருக்கும் போனோம் சம்மந்தி. தோ, அம்மாம் பெரிய கப்பலு! ஆனா கப்பல வுட, அந்தக் காசுக்கு முழுவுற பசங்க கீறானுங்களே, அதான் தமாசு. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? சிகரெட் காயிதத்துல ஓட்டாஞ்சில்ல சுத்திப் போட்டேன். ஒர்த்தன் உழுந்து அடிச்சிகினு போயி, வாயில கவ்விகினு வந்து சலாம் வெச்சான் பாரு, நாயி மாதிரி..."

எண்ணூர்க்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். மாரியப்பன் மட்டும் தரையைப் பார்த்துச் சிரித்தான். தடுப்புக்குப் பின்னால் அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மங்கை அங்கேதான் இருந்தாள், அப்பா என்ன செய்கிறவர் என்று அவளுக்குத் தெரியும்.

சுப்புராயனும் சிரித்தான். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும். ஒன்பது வருஷம் அந்தத் தண்ணீரைக் குடித்தவனுக்கு இந்தச் சிரிப்பு அதைவிட நாறியது.

"அந்தப் பசங்கள ஒங்களுக்குத் தெரியுமா?" என்று ரகுபதி கேட்டார்.

"தெரியாது. நம்ம செக்சன் வேற."

தட்டு வந்தது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், பூ. ரகுபதி மடியிலிருந்து ஒரு புது ரூபாயை எடுத்து வெற்றிலை மேல் வைத்தார். அந்த ரூபாய் கை மாறிவிட்டால் பேச்சு முடிந்தது. பெண் அந்த வீட்டுப் பெண். "வாங்கிக்கோங்க சம்மந்தி" என்று தட்டை நீட்டினார். சுப்புராயன் இரண்டு கையாலும் வாங்கினான். வெற்றிலை ஈரம், தட்டு கொஞ்சம் சாய்ந்தது. ரூபாய் வழுக்கி விளிம்பைத் தாண்டிப் பளபளத்துக்கொண்டு விழுந்தது.

தரையை அது தொடவில்லை. சுப்புராயனின் வலது கை பாய்ந்து பிடித்தது. பிடித்தது கன்னத்துக்குப் போனது. பல்லுக்கு நடுவில் ரூபாய் மின்ன, அதே கை நெற்றிக்கு ஏறி ஒரு சலாம் வைத்தது.

"ஐயே" என்று ரகுபதியின் பெண்டாட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அடப்பாவி, நீயா அது?" என்றார் ரகுபதி.

சுப்புராயன் ரூபாயை வாயிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். "இது நெசக் காசு" என்றான். "காலைல போட்டதுதான் ஓடு. பல்லு போச்சு."

ரகுபதியின் முகம் கறுத்தது. அவருக்கும் கோபப்பட நியாயம் இருந்தது, பொய் சொல்லித்தானே கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் தான் எறிந்த ஓட்டுத் துண்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவர்களை ஒரு தரம் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"சரி. சபைல ஒக்காந்தாச்சு, பொண்ணு மேல குத்தம் இல்ல. எச்சிக் காச கழுவித் தட்டுல வை. பொண்ணு எங்க வூட்டுக்கு வரட்டும். நீ மட்டும் எங்க குப்பத்துப் பக்கம் வரவே வாணாம். கல்யாணத்துக்கும் சேத்துதான் சொல்றேன்."

மாரியப்பன் தலையைத் தூக்கவில்லை.

சுப்புராயன் கொஞ்சம் யோசித்தான், கொஞ்சம்தான். பிறகு, "நீலா, சொம்புல தண்ணி கொண்டா" என்றான். அவன் ஒத்துக்கொண்டுவிட்டான் என்று எல்லோருக்கும் புரிந்தது. மகள் கரையேறினால் போதும், அவன் எந்தத் தண்ணீரில் கிடந்தால் என்ன.

சொம்பை எடுத்து வந்தது மங்கை. பூ வைத்த தலையோடு நேரே வந்து, சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவின் கையிலிருந்த ரூபாயை எடுத்தாள். கழுவவில்லை. துடைக்கவும் இல்லை. எச்சில் மினுங்க அப்படியே ரகுபதியிடம் நீட்டினாள்.

"ஒங்க காசு. எட்த்துக்கினு போங்க."

"மங்க!" என்று சுப்புராயன் அலறினான்.

"நீ சும்மா இரு நைனா. ஒன்ன வாசல்ல வுட்டுட்டு நான் மட்டும் உள்ள போயி இன்னா பண்ணப் போறேன்?"

அவள் ரூபாயை ரகுபதியின் கையில் வைக்கப் போனாள். அவர் நெருப்பைக் கண்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். ரூபாய் தரையில் விழுந்து, உருண்டு, பாயின் ஓரத்தில் சுற்றிப் படுத்தது. எல்லோர் கண்ணும் சுப்புராயன் மேல் திரும்பியது. அவன் வலது கை துடித்தது. இடது கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் ரகுபதியே குனிந்தார். துண்டின் நுனியால் இரண்டு விரலில் பிடித்து ரூபாயை எடுத்து மடியில் செருகிக்கொண்டு எழுந்தார். பின்னாலேயே எண்ணூர்க்காரர்கள் எழுந்து போனார்கள்.

நீலா மூலையில் உட்கார்ந்து அழுதாள். மங்கை அழவில்லை. காசு கழுவ வந்த சொம்பை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"வாயக் கொப்பளி, நைனா."