கோடித் தரம் கேட்கும் கேள்வி

திருச்செங்கோட்டு மலையடிவாரத்தில் பூ விற்பவள் சௌந்திரம். கல்யாணம், கிணறு என்று எந்தக் காரியத்துக்கும் சாமியிடம் பூக் கேட்கப் போகிறவர்கள் அவளிடம்தான் வருவார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். ஒரு காரியத்துக்கு ஒரு தரம்தான் கேட்கலாம்.

இந்த ஆடி வெள்ளியில் அவள் தனக்காகவே பொட்டலம் கட்டினாள். பௌதிகம் படித்த மகள் மோகனப்பிரியாவை ஐரோப்பாவுக்கு ஆராய்ச்சி வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா சொன்னால்தான் போவேன் என்றாள் மகள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு வடக்கே போயிருந்த கணவரோ, "நீயே சாமியக் கேட்டுக்க" என்று போனில் சொல்லிவிட்டார். சிவப்பு வரட்டும் என்றுதான் சௌந்திரத்தின் உள்மனசு ஏங்கியது.

மகளோடு மாரியம்மன் கோயிலுக்கு நடக்கும்போது கேட்டாள்.

"அங்க நீ வேலை பாக்கறது என்ன மெசினு, கண்ணு?"

"இன்னும் கட்டலைம்மா. பல ஊருக்கு அடியில சுத்தி வர்ற வளையம். அது ஓட ஆரம்பிக்கறப்ப எனக்குத் தலை நரைச்சிரும்."

"கட்டாத மெசினுக்கு ஆள் எடுக்கறாங்களாக்கும். உங்கப்பங்கிட்டச் சொல்லிராத, சிரிப்பாரு."

மகளும் சிரித்தாள். "பொடிப்பொடித் துகளுக்கெல்லாம் கனம் குடுக்கறது ஒண்ணு இருக்குதும்மா. அது இல்லைன்னா நீயில்ல, நானில்ல, இந்த மலையில்ல. அது தன்னோட தானே எப்படிச் சேருதுன்னு யாரும் சரியாப் பாத்ததில்ல. அந்த வளையத்துல துகளை மோதவிட்டுத்தான் பாக்கணும்."

"ஒருக்கா மோதுனாத் தெரிஞ்சிருமா?"

"கோடி கோடித் தரம் மோதணும்."

"ஒரே கேள்விய அத்தனை தரமா?"

"நாம நெனைச்சதையே பதிலுன்னு எடுத்துக்கக் கூடாதில்லம்மா."

சௌந்திரத்துக்குக் கால் நின்றுவிட்டது. மலையை அண்ணாந்து பார்த்தாள். தினமும் பார்க்கிற மலைதான். அத்தனை கல்லும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதா? கைமயிர் சிலிர்த்தது. பதில் கிடைக்கும் முன்னே கிழவியாகிவிடுவோம் என்று தெரிந்தும் மகள் கேட்கப் போகிறாளே, இதைவிடப் பெரிய விரதம் உண்டா? தானோ ஒரே தரம் கேட்கிறோம், அதுவும் சிவப்புக்கு ஆசைப்பட்டுக்கொண்டு.

கோயிலில் இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டாள். எடுக்கவில்லை.

"ஏம்மா, பூவு எடுக்கலீங்களா?" என்றார் பூசாரி.

"இல்லீங்க. கேக்கறதுக்கு இவ போறாளுங்க."

"என்னத்தக் கேக்க?"

"ஆத்தா நம்மளையெல்லாம் எப்படிச் செஞ்சு வெச்சிருக்கறான்னுங்க" என்றாள் சௌந்திரம். பூசாரி நீட்டிய திருநீற்றை வாங்கி, மகள் நெற்றியில் அவளே பூசிவிட்டாள்.