கேள்வி இருக்கா

லூமுட்டில் கடல் இருக்கிறது என்பார்கள். அங்கே ஒரு வாரம் தங்கியும் நான் கடலைப் பார்த்தது, வந்த அன்றைக்கும் கிளம்பிய அன்றைக்கும் பஸ்ஸிலிருந்துதான். குர்சுஸ் என்ற பயிற்சி நடந்த கூடத்தின் சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவைத்திருந்தார்கள். டிவி திரை தெளிவாகத் தெரிய வேண்டுமாம். பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லித்தரும் குர்சுஸ் அது. பரீட்சையில் கெட்டிக்காரர்கள் என்று எங்களை வேலைக்கு எடுத்துவிட்டு, வகுப்பில் நின்று பேச வருமா என்று பிறகுதான் யோசித்திருக்கிறார்கள்.

எண்பதுகளின் நடுவில் நான் ஈப்போவில், ஒரு பல்கலைக்கழகத்தின் கிளையில் டியூட்டராக இருந்தேன். கணக்குப் பாடம். டியூட்டர் என்றால் பாதி வாத்தியார், பாதி மாணவி. இரண்டு பக்கமும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கேன்டீனில் விரிவுரையாளர் மேசையில் போய் உட்கார்ந்தால் பேச்சு குறையும், மாணவர் மேசையில் உட்கார்ந்தால் நின்றேபோகும். போங்கள் என்று ரொட்டியை வாங்கிக்கொண்டு என் அறைக்கே போய்விடுவேன். சில நாள் காலையில் பஸ் கண்டக்டரிடம் பேசியதற்கு அப்புறம் வகுப்புக்கு வெளியே யாரிடமும் வாய் திறந்திருக்க மாட்டேன்.

ஒப்பந்த வேலை அது. குர்சுஸை முடித்த பிறகு மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து என் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். அவர் சரி என்றால் வேலை நிரந்தரம், மேல்படிப்புக்கும் அனுப்புவார்கள். இல்லையென்றால் லகாட் தாண்டி இருக்கும் எங்கள் தோட்டத்துக்குத் திரும்பி, அம்மாவோடு பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்க வேண்டியதுதான். அந்த மரங்களையும் தள்ளிவிட்டுச் செம்பனை நட ஆரம்பித்திருந்தார்கள்.

குர்சுஸில் ஒவ்வொருவரும் ஒரு சின்னப் பாடம் நடத்த வேண்டும். மற்றவர்கள் மாணவர்கள்போல உட்கார்ந்திருப்பார்கள். அதைக் கேமராவில் பிடித்து, டிவியில் போட்டு, எல்லாரும் சேர்ந்து குறை சொல்வார்கள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இப்படி உரித்துப் பார்க்க மாட்டார்கள். என் முறை வந்தது. திரையில் சேலை கட்டிய ஒரு ஒல்லிக்குச்சி பலகையில் ஒரு வரி எழுதியது, திரும்பியது, தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு அடுத்த வரி. மறுபடியும் திரும்பி, தலையைச் சாய்த்து, அதே நிற்பு.

"டேப் நின்னுபோச்சா?" என்று எஞ்சினியரிங் பக்கத்து ஆள் ஒருவர் மலாயில் கேட்டார். கூடமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

குர்சுஸை நடத்தியவர் யாழ்ப்பாணத்து வழி வந்த ஒரு அம்மா, கோலாலம்பூரில் பெரிய பதவியில் இருந்தவர். அந்தக் கூடத்தில் தமிழ் பேசக்கூடியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். முதல் நாளே ஆசையாகப் போய், "சாப்ட்டீங்களாம்மா?" என்று கேட்டேன். சாப்பிட்டாயிற்று என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, எந்த எஸ்டேட் என்று அதே இங்கிலீஷில் கேட்டார். என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்ன? அதற்கப்புறம் நான் அவர் பக்கம் போகவில்லை. டிவி பார்த்த அன்றைக்கு, மற்றவர்கள் தேநீருக்குக் கலைந்த பிறகு, அவரே என் பக்கத்தில் வந்து நின்றார். அந்த வாரத்திலேயே முதல்முறையாகத் தமிழில் பேசினார்.

"பிள்ளை, ஒவ்வொரு வரிக்கும் ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர்?"

நான் அணைத்துவைத்த டிவியைத் திரும்பிப் பார்த்தேன்.

"நிக்காமப் போம். பெடியள் பின்னால வருவினம்."

கனிவாகத்தான் சொன்னார், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் யாரைப் பார்த்து நிற்கிறேன் என்பது எனக்கே தெரியாதது பெரிய எரிச்சலாக இருந்தது.

ஈப்போவில் ஒரு சீன வீட்டின் மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். அங்கே கண்ணாடி முன்னால் நின்று, நிற்காமல் பாடம் நடத்தப் பழகினேன். கதவைத் தட்டி எட்டிப் பார்த்த வீட்டுக்கார அம்மா கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினாள். எவனையோ ஒளித்துவைத்துப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டாள், பாவம். அப்படி ஒருத்தன் இருந்திருந்தால் நான் ஏன் கண்ணாடியோடு பேசப்போகிறேன்?

வகுப்பைப் பார்க்க ஆள் வருவதற்கு முந்தின வாரம் எங்களுக்கு ஒரு விடுமுறை வந்தது. தோட்டத்தில் அன்றைக்கு வேலை இருந்தது. அம்மாவுக்கு ஒத்தாசையாக வாளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர்க் காட்டுக்குப் போனேன். இரண்டு மரம் வெட்டியதும் அம்மா பக்கத்து மர நிரையைப் பார்த்துக் கத்தினாள்.

"இருக்கியா?"

தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். டிவியில் பார்த்த அதே சாய்வு.

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. எங்கள் தோட்டத்தில் மரம் வெட்டுகிற பெண்களின் வழக்கம் அது. இருட்டோடு போய் ஆளுக்கொரு நிரையில் நிற்பார்கள். பாம்பு, பன்றி, வழுக்கு என்று எத்தனையோ. அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஒருத்தி "இருக்கியா?" என்பாள், பக்கத்து நிரைக்காரி "இருக்கேன்" என்பாள். பதில் வந்தால்தான் அடுத்த மரம். வராவிட்டால் கத்தியைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். பள்ளி விடுமுறையெல்லாம் கிண்ணத்தில் உறைந்த கட்டிப்பாலை உரித்துக்கொண்டு அந்தக் குரல்களுக்குள்தான் நான் வளர்ந்தேன்.

"பக்கத்து நெறையில யாரும்மா இருக்கா?"

"யாரு இருக்கா? அந்த நெறையில வெட்டுன அக்கா ஃபேக்டரிக்குப் போயி ரெண்டு வருசம் ஆச்சு லா."

"அப்புறம் யாரைக் கூப்புடுற?"

"கூப்புடலன்னா கை ஓட மாட்டேங்குது. நீ கிண்ணத்தை நேரா வையி, பால் சிந்துது பாரு."

அடுத்த இரண்டு மரம் தள்ளி மறுபடி "இருக்கியா?" என்றாள். நான் பின்னாலேயே நின்றுகொண்டு "இருக்கேன்" என்றேன். உன்னைக் கேட்கவில்லை என்று முறைத்தாள்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த முறை என் வேலையை நிரந்தரமாக்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம் என்றார் துறைத் தலைவர். மேல்படிப்புக்கு என்னோடு சேர்ந்த இன்னொருவர் போனார். அவர் நன்றாகத்தான் நடத்துவார். எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் அது பொய்.

பார்க்க வந்தவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் நிற்கவே இல்லை. ஒரு வரி, அடுத்த வரி, அதற்கடுத்த வரி. கண்ணாடி முன்னால் பழகியபடியே தண்ணீர்போல ஓடியது. பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பலகை நிறைந்தது. வகுப்பு முழுக்க ஆட்கள், ஆனால் நான் மட்டும் தனியாக எங்கோ நடந்துபோகிற மாதிரி இருந்தது.

இந்த இடத்தில் "அடா சொவாலான்?" என்று கேட்க வேண்டும். மலாயில் கேள்வி இருக்கா என்று அர்த்தம். அது ஒரு மரியாதைக்கு. கேட்ட கையோடு அடுத்த பகுதிக்குப் போய்விட வேண்டும் என்று லூமுட்டில் சொல்லித்தந்திருந்தார்கள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அது எல்லாருக்கும் தெரியும்.

"அடா சொவாலான்?" என்றேன்.

கால் நகரவில்லை. கடைசி வரிசையில் அவர் கடிகாரத்தைப் பார்த்தார், எதையோ குறித்துக்கொண்டார். நகருடி என்று என்னையே திட்டிக்கொண்டேன். வேலை போகப்போகிறது, நகரு. என் தலை தானாகச் சாய்ந்திருந்தது. போனால் போகட்டும், யாராவது இருக்கிறீர்களா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

சன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு மலாய்ப் பெண் கையைத் தூக்கினாள். அந்த வருஷம் முழுக்க வாயே திறக்காதவள்.

"அடா, மிஸ்."

இருக்கு, மிஸ். தமிழில் எவளாவது என்னை அடா என்றிருந்தால் அறைந்திருப்பேன். அன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கால் தானாக அவள் பக்கம் நகர்ந்தது.

எந்த வரி என்று கேட்டேன்.

முதல் வரியிலிருந்தே புரியவில்லை என்றாள். அவளைச் சுற்றி இன்னும் சில தலைகள் ஆமாம் என்று அசைந்தன.

டஸ்டரை எடுத்துப் பலகை முழுக்க அழித்தேன். முதல் வரியை மறுபடி எழுதினேன். திரும்பி, அவள் நிமிர்ந்து தலையை ஆட்டும்வரை நின்றேன்.