கால் மாத்திரை

என் தங்கச்சிக்கு அப்போது ஆறு வயசு. பார்த்தால் மூணு சொல்லலாம். உப்பின முகம், வறண்ட தோல். தாராவியில் எங்கள் சந்துப் பெண்கள், "ஏளா, ஒம் பிள்ள அம்மிக்கல்லுல்லா! வச்ச எடத்துல இருக்கு" என்பார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள், உள்ளே வந்து அழுவாள்.

அறுபதுகளின் நடுவில் மாட்டுங்கா டாக்டர் ஒருவர்தான் கண்டுபிடித்தார். "தைராய்டு சுரப்பி வேலை செய்யலை. மாத்திரை இருக்கு. ஆனா இவ நெஞ்சு இத்தனை வருஷமா மந்தமா அடிச்சிண்டிருக்கு, திடீர்னு விரட்டப்படாது. கால் மாத்திரை போறும். நான் சொன்னாத்தான் கூட்டணும்."

அப்பாவுக்குத் தோல் பட்டறையில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. அவசரம் என்றால் ரெண்டு கூடை சுண்ணாம்பு கூடக் கொட்டுவார். தோலிலிருந்து மயிர் சீக்கிரம் கழன்றுவிடும். சீக்கிரம் குணமாகட்டும் என்று அதையே பிள்ளைக்கும் செய்தார். அம்மா குழாயடிக்குப் போகும் நேரம் பார்த்து, தினமும் மூணு முழு மாத்திரை. நான் பார்த்துவிட்டேன். "வாயத் தொறந்த, பல்லு இருக்காது" என்றார். திறக்கவில்லை.

பத்து நாளில் தங்கச்சிக்குத் தூக்கம் போயிற்று. வேர்த்துக் கொட்டியது, வயிற்றாலும் போயிற்று. கஞ்சி ஊட்டிய அப்பாவின் கையைக் கடித்தாள். அறைந்தார். தட்டைத் தூக்கி அவர் முகத்திலேயே எறிந்தாள். பெல்ட்டை உருவினார். முதல் அடி அவள் முதுகில். அடுத்தது குறுக்கே விழுந்த என் நெற்றியில். பக்கிள் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. அவள் அழவில்லை, மூச்சுத்தான் வாங்கினாள். சாக்குக்குள் கட்டிப்போட்ட கோழி மாதிரி விலாவுக்குள் நெஞ்சு துள்ளியது.

அம்மா தண்ணீரோடு வாசலில் நின்றாள். "மூணு மூணா குடுக்காரும்மா!" என்று கத்தினேன்.

நிறைகுடத்தை அப்படியே அப்பாவின் தோளில் போட்டாள். விழுந்தவருக்கு முன்னால் அவருடைய தோல் சீவும் கத்தியை எடுத்துக்கொண்டு நின்றாள். "பிள்ளையத் தொடுலே பாப்போம்! கொடல உருவி ஒன் கழுத்துலயே மாலையாப் போடுதேன்!" புருசனை அவள் 'லே' என்றது அன்றைக்குத்தான். பக்கத்து வீட்டு மராத்திக்காரி எட்டிப் பார்த்து, "மார் பாயி, ஔர் ஏக் மார்!" என்று இன்னொரு அடிக்கு உசுப்பினாள்.

தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு மாட்டுங்காவுக்கு ஓடினோம். அப்பா தோளைப் பிடித்தபடி பின்னாலேயே வந்தார். டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார், முகம் மாறியது. "இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா இந்த நெஞ்சு நின்னிருக்கும்."

அம்மா அப்பா பக்கம் திரும்பினாள். "சுண்ணாம்பு கூடிப்போனா தோலு என்ன ஆவும்? சொல்லும்."

"வெந்துரும்."

"பொறவு?"

"தொட்டாலே கிழியும்" என்றவர், தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்து தங்கச்சி பிழைத்தாள். மறுபடியும் கால் மாத்திரை. காலையில் அம்மா, அப்பாவின் சவரப் பிளேடால் மாத்திரையை நாலாக நறுக்குவாள். அப்பா தங்கச்சியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டு, "சரியா அடிக்கி" என்று சொல்ல வேண்டும். அதுவரை அம்மா பிளேடைக் கீழே வைக்க மாட்டாள்.

ஒருநாள் அப்படிக் குனிந்தவரின் மீசையைத் தங்கச்சி பிடித்து இழுத்தாள். கையோடு ரெண்டு மயிர் வந்தது. அப்பா கண்ணில் தண்ணீர். கை ஓங்கவில்லை. "சரியா அடிக்கி" என்றார்.