பென்சிலில் எழுதிய தேதிகள்

பெண்களைப் பேச வைப்பது என் வேலை. அவர்கள் பேசி முடித்ததும் ஒரு படிவத்தை நீட்டி வாயடைக்க வைப்பதும் என் வேலைதான்.

ஹைதராபாத் மாரெட்பள்ளியில் இருபது படுக்கைகள் கொண்ட ஒரு நர்சிங் ஹோமில், மகளிர் பிரிவில், இருபத்திரண்டு வருடங்களாக நர்ஸாக இருக்கிறேன். தமிழும் தெலுங்கும் ஹைதராபாத் இந்தியும் வரும் என்பதால் கவுன்சலிங் சிஸ்டர் என்று பெயர் மாற்றி ஒரு மேசை கொடுத்தார்கள். நீங்களும் எங்காவது ஒரு வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாவுக்காகவோ மாமியாருக்காகவோ காத்திருந்தவர்தான். உள்ளே என்ன பேசினார்கள் என்று உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரே ஒரு அம்மாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றவர்களும் ஏறக்குறைய இப்படித்தான்.

முழங்கால் வலி

கர்ப்பப்பை இறங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. அறுபது வயதைத் தாண்டிய பெண் முழங்கால் வலி என்று மகளிர் பிரிவுக்கு வந்தால் அது முழங்கால் இல்லை. முதலில் கூட வந்த ஆணை வெளியே அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம்: ஆதார் அட்டையை இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்வது. கடையில் கூட்டமிருந்தால் கால் மணி நேரம் கிடைக்கும். அந்த நகல் எங்களுக்கு எதற்கும் தேவையில்லை.

கிருஷ்ணவேணியம்மா லோத்குண்டாவிலிருந்து கணவரோடு வந்தார். அப்போது அவருக்கு அறுபத்து நான்கு வயது. கணவர் நடராஜன் ராணுவக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஜெராக்ஸுக்குப் போன பிறகும் அந்த அம்மா நாற்காலி விளிம்பில் ஒருக்களித்து உட்கார்ந்தபடி இரண்டு நிமிடம் முழங்காலைப் பற்றியே பேசினார். பிறகு குரல் தாழ்ந்தது. சதை போல ஒன்று கீழே வந்து நிற்கிறது. விரலால் உள்ளே தள்ளினால்தான் சிறுநீர் போக முடிகிறது. பழைய பருத்திப் புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் கடைக்குப் போகிறார். கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தியாயிற்று. எவ்வளவு நாளாக என்று கேட்டேன்.

"பதினோரு வருஷம் ஆச்சு சிஸ்டர். அவருக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க, அவருக்கு பிபி இருக்கு."

காலுறை

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, விளக்கச் சொல்லி என்னிடம் அனுப்பினார். எங்களிடம் பிளாஸ்டிக் மாடல் ஒன்று உண்டு. அதைப் பார்த்தால் பெண்கள் பயந்துவிடுகிறார்கள். நான் ஒரு காலுறையை வைத்திருக்கிறேன். அதன் நுனியை உள்ளே தள்ளிப் பிடித்து, பிடியை மெல்லத் தளர்த்தினால், எது எப்படி இறங்கி வருகிறது என்று சொல்லாமலே புரியும். இந்த அளவுக்கு இறங்கிய பின் உடற்பயிற்சியால் பெரிய பயன் இல்லை. உள்ளே ஒரு வளையம் வைத்துத் தாங்கச் செய்யலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இங்கே வந்து கழற்றிக் கழுவி மாட்டிக்கொள்ள வேண்டும். அல்லது ஆபரேஷன். எல்லாரும் இந்த இடத்தில் வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்வார்கள். கிருஷ்ணவேணியம்மா காலுறையை என் கையிலிருந்து வாங்கி ஒருமுறை தானே செய்து பார்த்தார். ஆபரேஷன்தான், தேதி கொடுங்கள் என்றார்.

ரத்தம், ஈசிஜி, எக்கோ எல்லாம் அந்த வாரமே எடுத்தோம். ஒரு குறையும் இல்லை. படிவத்தில் ஒரு கட்டம்தான் காலியாக நின்றது: 'உடனிருப்பவர்'. வார்டில் மூன்று நாள், வீட்டில் ஆறு வாரம் கூட இருக்க ஒரு பெண் வேண்டும். சொந்தக்காரராக இருக்க வேண்டும். சம்பளத்துக்கு வரும் ஆயாவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பல வருடங்களுக்கு முன் ஒருவர் ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் வீட்டில் வாளி தூக்கி, ரத்தப்போக்கோடு திரும்பி வந்தார். அதன் பிறகு வந்த விதி. கேட்டு வாங்கியவள் நான். வாளி தூக்கக் கூடாது, குனிந்து துடைக்கக் கூடாது, சிலிண்டரை நகர்த்தக் கூடாது என்ற பட்டியலை அந்த அம்மா எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார்.

"எல்லாம் சரி சிஸ்டர். அந்த வாளிய அப்போ யாரு தூக்கணும்னு இதுல போடலையே."

டைரி

ஆபரேஷன் டைரியில் சிசேரியனைப் பேனாவால் எழுதுவோம். கர்ப்பப்பை இறக்கத்தைப் பென்சிலால். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. குழந்தை காத்திருக்காது, அவ்வளவுதான். கிருஷ்ணவேணியம்மாவுக்கும் பென்சிலில் ஒரு தேதி எழுதி, கட்டத்துக்கு ஒரு பெயரோடு வாருங்கள் என்று அனுப்பினேன். மார்ச்சில் பேத்திக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு. ஜூனுக்கு மாற்றினேன். ஜூனில் மகனுக்கும் மருமகளுக்கும் ஒரே ஷிப்ட் விழுந்தது. செப்டம்பரில் நடராஜனுக்குக் கண்புரை ஆபரேஷன். தினம் நான்கு வேளை சொட்டு மருந்து விட ஆள் வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவே போன் செய்தார். தேதியை வீணாக்கிவிட்டதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

மூன்றாம் முறை நான் ரப்பரை எடுத்தபோது டாக்டரம்மா பக்கத்தில் நின்றிருந்தார். கோபமில்லை. பல வருடங்களாகப் பார்த்துப் பார்த்துச் சலித்த குரலில் தெலுங்கில் சொன்னார்.

"அழிச்சு அழிச்சு அந்தப் பக்கமே கிழியப் போகுது. வளையம் போட்டு அனுப்பு, வீட்ல ஆள் கிடைக்கிறப்போ பார்க்கலாம்."

ஹெர்னியா

வளையத்துக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஷேர் ஆட்டோவில் வர ஆரம்பித்தார். முழங்காலுக்கு எதற்கு இத்தனை தடவை என்று நடராஜனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நீங்களே சொல்லிவிடுங்கள் என்று அந்த அம்மா என்னிடம் விட்டுவிட்டார். சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தபடி கேட்டார். பிறகு, "இதுக்கு வெளியில என்ன பேரு சொல்றது? ஹெர்னியான்னு சொல்லிக்கலாமா? ஹெர்னியான்னா நாலு பேருகிட்ட சொல்லலாம்" என்றார். சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன். எழுந்து போகப் போனவர் திரும்பி வந்தார். ஆபரேஷனுக்குத் தானே உடனிருப்பதாகச் சொன்னார்.

இத்தனை வருடத்தில் அப்படிச் சொன்ன இரண்டாவது கணவர் அவர். பெண்கள் வார்டில் இரவு எட்டுக்கு மேல் ஆண்களுக்கு அனுமதி இல்லை. வார்டுக்கு எப்படியாவது ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டால் வீட்டு ஆறு வாரத்தை இவர் பார்த்துக்கொள்ளலாமே என்று எனக்கு ஆசை வந்தது. வராந்தாவுக்கு ஓடிப்போய் அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரிப்பதற்கு முன் எழுந்து, ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, வளையம் நழுவிவிடாமல் கால்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"ஹவ், ஆமா, பாத்துக்குவாரு. உப்பு எங்க, உளுந்து எங்கன்னு அரை மணிக்கு ஒரு தரம் வந்து நிப்பாரு. நான் எந்திரிச்சுப் போய் டப்பாவக் காட்டணும்."

லீவு

மருமகள் சௌம்யாவைக் கொடுமைக்காரி என்று நினைத்து வைத்திருந்தேன். நீங்களும் நினைத்திருப்பீர்கள். ஊருக்கு வெளியே பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விடியுமுன் கம்பெனி பஸ். வீடு திரும்ப இருட்டிவிடும். ஒருநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தனியாக என்னைப் பார்க்க வந்தாள். அத்தைக்கு என்னவென்று மாமா ஹெர்னியா என்கிறார், அத்தை முழங்கால் என்கிறார், எது உண்மை என்று கேட்டாள். காலுறையை எடுத்தேன். பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். தினம் காலையில் தன் பஸ்ஸுக்கு முன்னால் அவர் எழுந்து டிபன் கட்டிக்கொடுப்பதைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது ஒரே கேள்வி. அதற்கு உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்: இல்லை என்று.

"ஆறு வாரம் லீவு கேட்டேன் சிஸ்டர். எமர்ஜென்சியான்னு கேக்கறாங்க. இது எமர்ஜென்சியா?"

சம்பந்தி

எமர்ஜென்சி வேறு பக்கத்திலிருந்து வந்தது. சௌம்யாவின் அம்மா, வேலூரில் இருப்பவர், மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் ரத்தப்போக்கு. அவருக்கும் இதே இறக்கம்தான். வருடக்கணக்கில் உரசி உரசிப் புண்ணாகிவிட்டிருந்தது. புண் ஆறியதும் டாக்டரம்மா தேதி கொடுத்தார். படிவத்தை நிரப்பி என் மேசைக்கு அனுப்பினார்கள். உடனிருப்பவர் என்ற கட்டத்தில் கிருஷ்ணவேணி என்று எழுதியிருந்தது. உறவு: சம்பந்தி.

மூன்று நாளும் கிருஷ்ணவேணியம்மா கட்டிலருகே ஸ்டூலில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார். சம்பந்தியைத் தோளில் சாய்த்துத் தூக்கி உட்கார வைத்தார். பெட்பேனை எடுத்து வைத்தார். நான் வாயைத் திறக்கப் போனபோதெல்லாம் சம்பந்திக்குத் தெரியாமல் தலையை அசைத்தார், வேண்டாமென்று. வெளியே கூப்பிட்டுக் கேட்டேன். "நக்கோ சிஸ்டர், வேணாம். சம்பந்தி முன்னாடி மானம் போயிடும்" என்றார். ஒரே நோய் இரண்டு பேருக்கு. அதில் ஒருத்திக்கு மட்டும் மானம் போகும் என்பது எப்படி என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும் நாள் சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் குடுத்து வச்சிருக்கு சிஸ்டர். ஒருநாள் உடம்புக்கு முடியலன்னு படுத்ததே இல்லையாம் இவங்க."

பேனா

வீட்டில் எதை மறைக்க முடியும்? குளியலறைக் கதவுக்குப் பின்னால் காய்ந்துகொண்டிருந்த துணிகளைச் சம்பந்தியம்மா பார்த்திருக்கிறார். அந்தத் துணி எதற்கென்று இன்னொருத்திக்குச் சொல்ல வேண்டாம். ஆறாம் வாரம் கிருஷ்ணவேணியம்மாவோடு பரிசோதனைக்கு வந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டார். உனக்குத் தெரியும் அல்லவா, தெரிந்தும் இவர் கையால் என்னைத் தூக்க வைத்தாய் அல்லவா என்று மற்ற நோயாளிகள் திரும்பிப் பார்க்கும்படி திட்டினார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. கடைசியில் கிருஷ்ணவேணியம்மாவின் படிவத்தைக் கேட்டு வாங்கி, கட்டத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வருடத்துக்கு மேலாகக் காலியாகக் கிடந்த கட்டம். நான் டைரியை எடுத்து, பென்சிலைத் தள்ளி வைத்துவிட்டு, பேனாவால் தேதி எழுதினேன். கிருஷ்ணவேணியம்மா மேசை மேல் குனிந்து அதைப் பார்த்தார். சம்பந்தியம்மா மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"எனக்கு மூணு மாசம் முடியட்டும். வாளி தூக்கலாம்னு டாக்டரம்மா சொல்ற அன்னைக்கே இவங்கள உள்ள தள்ளிக் கதவச் சாத்துங்க."

எக்கோ

பழைய பரிசோதனைகள் செல்லாது என்பதால் எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டும். சௌம்யா கூட வந்தாள். வராந்தாவைக் கடப்பதற்குள் அந்த அம்மா இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். வளையத்துக்கு வந்தபோதே அவர் கால்கள் வீங்கியிருந்ததை நான் கவனித்திருந்தேன். நின்றே வேலை செய்கிறவர், அதனால்தான் என்று நானே ஒரு காரணம் சொல்லி முடித்துக்கொண்டேன். எக்கோ வந்தது. இதயம் பாதி பலத்தில்தான் இயங்குகிறது. மயக்க மருந்து டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார். முதுகில் ஊசி போடுவதுகூட ஆபத்து என்றார். சின்ன ஆபரேஷனாகவாவது செய்ய முடியாதா என்று டாக்டரம்மா கேட்டார். பொறுப்பேற்க மாட்டேன், வளையமே இருக்கட்டும் என்றார் அவர். முதல் தடவை எடுத்த எக்கோ அதே கோப்பில் அடியில் இருந்தது. ஒரு குறையும் இல்லாத எக்கோ. அன்று யாராவது ஒரு பெயரை எழுதியிருந்தால் போதும். என் பெயரையே எழுதியிருக்கலாம். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. எனக்கும் வீடு இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

சொல்ல வேண்டியது என் வேலை. சொன்னேன். சௌம்யா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிருஷ்ணவேணியம்மா இதய மாத்திரைகளை எந்த வேளைக்கு எது என்று மட்டும் ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு எழுந்து, கதவருகே போய், ஏதோ மறந்தது போல நின்றார்.

"ஆறு வாரத்துக்குன்னு சாம்பார் பொடி, பருப்புப் பொடி எல்லாம் அரைச்சு வச்சுட்டேன் சிஸ்டர். அவ்வளவும் வண்டு விழுந்துடும். உங்களுக்குக் கொஞ்சம் கொண்டாரட்டுமா?"

இப்படிப் போகிற ஒவ்வொருவரின் கோப்பிலும் கடைசி வரியாக நாங்கள் எழுதுவது ஒன்றுதான்: நோயாளிக்கு எல்லாம் விளக்கப்பட்டது, நோயாளி நன்றாக ஒத்துழைத்தார்.