ஏழாம் நம்பர் மண்

போன கிழமை என் மகள் வீட்டுக்கு வந்தாள். எங்களைப் பார்க்க என்று நினைத்தேன். மண் அள்ள வந்திருந்தாள்!

சிரிக்காதீர்கள். பிள்ளை வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறாள். பெட்டி நிறைய வெறும் போத்தல்கள். அமிலத்தில் கழுவியவையாம். தூசி இருக்குமே என்று நான் இன்னொரு தரம் கழுவப் போனேன்... கையைத் தட்டிவிட்டாள்.

மணலில் அருமண் தனிமங்கள் என்று சில, மிக மிகக் கொஞ்சமாக இருக்கின்றனவாம். அதில் ஒன்று நியோடிமியம். அதன் அணுக்கள் எல்லாம் ஒரே எடை இல்லை. எடை கூடியது, குறைந்தது என்று வகைகள் உண்டு — ஐசோடோப் என்கிறார்கள். எந்த வகை எவ்வளவு என்பது பாறைக்குப் பாறை வேறு. பாறை உடைந்து, மணலாகி, ஆற்றோடு வந்தாலும் அந்த அளவு மாறாது. கிணற்றுத் தண்ணீரிலும் மட்டி ஓட்டிலும்கூட அதை அளக்கிறார்களாம். ஆக, ஒரு பிடி மணல் எந்த மலையில் பிறந்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். சண்டை முடிந்து மீளக் குடியேறியபோது, நாங்கள் இந்த ஊர்க்காரர் என்று காட்ட எத்தனை அரசாங்கக் கந்தோர் ஏறினோம்? மணலுக்கு ஒரு கடிதமும் தேவையில்லை.

கீரிக் கடற்கரையில் முதல் ஆறு இடங்களின் வேலை சுகமாக முடிந்தது. பிளாஸ்ரிக் கரண்டியால்தான் தோண்டினாள். உலோகம் படக்கூடாதாம். போத்தல் பிடித்த என்னையும் மோதிரத்தைக் கழற்றச் சொன்னாள். ஏழாவது இடம் முசலிப் பக்கம், எங்கள் ஊர்க் கரை. மாலையில் அவள் அங்கே அடையாளக் குச்சி நட்டபோதே, முன்பு அங்கே நின்ற பலகைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

கண்ணிவெடி எல்லாம் எடுத்தாயிற்று. எச்சரிக்கைப் பலகையும் கழற்றியாயிற்று. தெரியும். ஆனால் நாங்கள் திரும்பி வந்த முதல் மாதம், பலகைக்கு அங்கால் மேயப் போன பக்கத்து வீட்டு மாடு... அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இன்றும் ஒரு முருங்கைத் தடி ஊன்றுவதென்றாலும் கம்பியால் குத்திப் பார்த்துத்தான் ஊன்றுவேன். வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டி மிஞ்சிய கம்பி. இரும்புக் கறளும் சீமெந்தும் பிடித்தது. "கொம்மா சரியெண்டு சொன்ன பிறகுதான் அவையள் பலகையே கழட்டினவை" என்று மகளிடம் என் கணவர் நக்கலடிப்பார்.

விடிய, மகள் எழும்ப முதல் கம்பியோடு கரைக்குப் போனேன். குச்சியைச் சுற்றிச் சாணுக்கு ஒரு குத்து. ஒன்றும் தட்டுப்படவில்லை. நிம்மதியாக வந்து தேத்தண்ணி போட்டேன்.

எட்டு மணிக்கு மகள் அந்த ஓட்டைகளுக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"அம்மா, இதில ஆர் குத்தினது?"

"நான்தான். கீழ ஏதும் கிடக்குதோ எண்டு பாத்தனான்."

கறளும் சீமெந்தும் கலந்துவிட்டன, மேல்மண் அடிக்குப் போய்விட்டது, இந்த இடம் இனிச் சரிவராது என்றாள். அடுத்த நாள் அவளுக்குப் பயணம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஆனால் அவளுடைய கோபம் மண்ணைப் பற்றியதல்ல.

"கிடந்திருந்தா என்ன செய்திருப்பியள்?"

"அதுக்காகத்தானே நீ எழும்ப முதல் போனனான்."

அவள் குச்சியைப் பிடுங்கினாள். பிறகு எழும்பி, இருபது அடி தள்ளிப் போய்க் குந்தினாள்.

"இஞ்ச குத்தேல்லைத்தானே?"

"இல்லை..."

"அப்ப இதுதான் நல்ல இடம். மோதிரத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

நான் பார்க்காத இடத்தில் என் பிள்ளை தோண்டினாள். ஓடிப்போய்க் கம்பி எடுத்துவரக் கால் துடித்தது. போகவில்லை. போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கரண்டி இறங்க இறங்க மணல் வந்தது. ஒரு மட்டி ஓடு வந்தது. பிறகும் மணல்தான் வந்தது.

புறப்பட முதல், நான் குத்திய மண்ணிலும் ஒரு போத்தல் அள்ளினாள். எவ்வளவு கெடுத்திருக்கிறேன் என்று அளக்கவாம். அதன்மேல் "7 - அம்மா" என்று எழுதினாள்.

ஏழாம் நம்பர் மண் எந்த மலையில் பிறந்தது என்று இயந்திரம் சொல்லட்டும். பக்கத்துப் போத்தலில் கலந்திருக்கும் பயம் எங்கே பிறந்தது என்று என்னைக் கேட்டால் போதும்.