பெயர் தெரியாத வெளிநாட்டுக் கார்

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும், எழுத்துப் பிழைகளும் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் காரைப் பார்ப்பவர்கள் இந்த மாதிரி வண்டியை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். நேரில் பதில் சொல்லக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

என் மனைவி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். மிஷினில் உட்கார்ந்து தைத்துத்தான் அந்த இடத்துக்கு வந்தாள். இடுப்பில் ஆபரேஷன் ஆனபிறகு, பட்டாபிராமிலிருந்து ரயில் கூட்டத்தில் நின்று போக முடியவில்லை. பஸ்ஸும் என் ஸ்கூட்டரும் குலுக்கிய குலுக்கலில் வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுவாள். வேலையை விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். அவள் மறுநாளும் வேலைக்குக் கிளம்பினாள்.

பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று பார்த்தோம். உட்கார்ந்து பார்த்த இரண்டிலுமே அவள் முகம் சுருங்கியது.

நான் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறேன். வெள்ளானூரில் கேன் போடும் ஃபிளாட்டில் இந்த வெளிநாட்டுக் கார் நிற்கும். கம்பெனி பெயரைச் சொன்னாலும் இங்கே யாருக்கும் தெரியாது. நான் தினமும் நின்று பார்ப்பதைக் கவனித்த காரின் உரிமையாளர், ஐடி வேலைக்காரர், தானாகவே கேட்டார்: "ஊரை விட்டுப் போறேன் அண்ணா, வேணுமா?" யாரும் கேட்காத வண்டி என்பதால் விலையும் குறைவு. பார்ட்ஸுக்காக ஒருமுறை மாதக்கணக்கில் காத்திருந்ததையும் அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

மனைவியின் தம்பிக்கு ஆவடியில் மெக்கானிக் ஷெட். மனைவியோடு அவனையும் அழைத்துப் போனேன். குனிந்து, படுத்து, எல்லாம் பார்த்தான்.

"வண்டி சூப்பரா கீது மாமா. ஆனா நம்ம ஊர் வண்டின்னா லைட்டு ஒடஞ்சா ஆவடியிலயே கெடைக்கும். இதுக்குக் கப்பல்ல வரணும். அதுவரைக்கும் பொட்டு வெச்சுக் கும்புட்டுகினு இருக்க வேண்டியதுதான்."

"உனக்கு ரிப்பேர் பண்ண வராததுக்கு வண்டி மேல ஏன்டா பழி போடற?" என்றாள் மனைவி.

"வரும்கா. பார்ட்டு இல்லாம நான் இன்னா பண்றது? நாளைக்கு விக்கப் போனாலும் பேரக் கேட்டே ஓடிப்பூடுவாங்கோ."

அவன் சொன்னது நியாயம்தான். இருந்தாலும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். அவன் ஓட்ட, நான் பக்கத்தில், அவள் பின்னால். பைப் போடத் தோண்டி அரைகுறையாக மூடிய ரோடு. பள்ளத்தில் இறங்கியபோது மெத்தையில் உட்கார்ந்து எழுந்ததுபோல் இருந்தது. அந்தக் காரைச் செய்தவர்கள் யாரோ, நம் ரோட்டைப் பார்த்தே இருக்கமாட்டார்கள்.

வளைவில் மைத்துனன் பழக்கத்தில் வலதுபக்க லீவரைத் தட்டினான். நம் கார்களில் அது இண்டிகேட்டர். இதில் வைப்பர். செம்மண் தூசி படிந்த கண்ணாடியை அது கரகரவென்று தேய்க்க, சிக்னல் இல்லாமலே வண்டி திரும்பியது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் பிரேக் அடித்து நின்று, பக்கத்தில் வந்தார்.

"அண்ணாத்தே, மழ எங்க கீது? எனக்கும் சொல்லு, துணி காயுது ஊட்ல."

மனைவி சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்தால் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். அன்று கைகள் மடியிலேயே இருந்தன. அந்தச் சிரிப்பிலேயே இன்னொரு பள்ளம் வந்தது. அப்போதும் கை எழவில்லை. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் மைத்துனனும் அதைப் பார்த்துவிட்டான்.

"வாங்கிடு மாமா," என்றான். "பார்ட்டு தேடறது என் தலையெழுத்து."

வாங்கினோம். அவன் பயந்ததும் நடந்தது. ஒரு பைக் இடித்து முன்விளக்கு போனது. புது விளக்கு வரும்வரை வண்டி மூடிக் கிடந்தது. அவள் ஆட்டோவில் போய்வந்து மறுபடி வலியோடு படுத்தாள். விற்றுவிடலாமா என்று கேட்டேன். "வெளக்குதான போச்சு, சீட்டா போச்சு?" என்றாள்.

ஆகவே கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். நாலு பேர் பார்க்கட்டும் என்று வாங்காதீர்கள். சீக்கிரம் விற்கும் எண்ணமிருந்தாலும் வேண்டாம். சொந்தத்தில் ஒரு மெக்கானிக் இருந்து, காத்திருக்கப் பொறுமையும் இருந்தால், முதலில் உட்காரப்போகிறவரை உட்காரவைத்துப் பாருங்கள். என் மனைவி இன்னும் அதே கம்பெனியில்தான் சூப்பர்வைசர்.

ஆவணி மாதத்து முதல் திங்கட்கிழமை, அவளை அம்பத்தூரில் இறக்கிவிட்டு, காருக்குள்ளேயே உட்கார்ந்து எழுதியது.