அடுப்புப் பற்றவைக்கக் கூடாத வீடு

எங்கள் முதலாளி மாதிரி வீட்டுக்கென்று போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். அங்கே அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. பார்க்க வருகிறவர்கள் சோபாவில் உட்காரலாம், பிள்ளைகள் கட்டிலில் ஏறிக் குதிக்கலாம், குழாயைத் திறந்து திறந்து மூடலாம். குசினியில் மட்டும் தீ மூளக் கூடாது. பால் பொங்கிவிட்டால் அது ஒரு குடும்பத்தின் வீடாகிவிடும், அப்புறம் அதைக் காட்டி வியாபாரம் செய்வது பாவம் என்பது அவர் நம்பிக்கை. பதுளையில் தமிழர், சிங்களவர், வேதக்காரர் என்று யாரைக் கேட்டாலும் இந்த ஒரு விஷயத்தில் சண்டை வராது. பால் பொங்கும் வரைக்கும் புது வீடு வெறும் சுவர். அந்த வெறும் சுவர் என்னுடையது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

முதலாளி டவுனில் சிமெந்தும் கம்பியும் விற்றுக்கொண்டிருந்தவர். ஒரு கடை, ஒரு லொறி. கடைக்குப் பின்னால் சும்மா கிடந்த சரிவில் இரண்டு சின்ன வீடு கட்டி, ஒன்றை ஒரு டீச்சருக்கும் மற்றதை ஒரு த்ரீவீல்காரருக்கும் விற்றார். இரண்டு பேருமே தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். அப்போதுதான் அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. தோட்டத்துச் சனத்துக்குச் சொந்த வீட்டு ஆசை மலையளவு இருக்கிறது, ஆனால் வாங்கிப் பழக்கமில்லை, கேட்கவும் கூச்சம். அதற்கு லயத்து வரிசை வீட்டிலே பிறந்த ஒருத்தி வாயைத் திறந்து பேச வேண்டும். நான் லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவள், வாய் என்னவோ பிறக்கும்போதே திறந்துதான் இருந்தது என்று அம்மா சொல்லுவாள். வேலை கிடைத்துவிட்டது.

வருகிறவர்கள் அறைகளின் அளவைக் கேட்க மாட்டார்கள். கதவுக்குப் பக்கத்தில் நின்று சுவரைத் தடவிப் பார்ப்பார்கள். பிறகு மெதுவாகக் கேட்பார்கள், "மிஸ், இதுல ஆணி அடிக்கலாமா?" அடிக்கலாம் என்பேன். "யாருகிட்ட சொல்லிட்டு அடிக்கணும்?" முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷம் எங்கள் லயம் ஞாபகம் வந்தது. லயத்தில் ஒரு தகரத்தை இழுத்துக் கட்டுவதென்றாலும் தோட்டத்து ஆபீசில் போய் நிற்க வேண்டும். மூன்று தலைமுறையாக நின்ற கால் அது, உடனே உட்காருமா? "உங்க வீடுங்க, நீங்களே உங்களக் கேட்டுக்கிட்டு அடிங்க" என்று பதில் சொல்லப் பழகினேன். அந்த ஒரு வாக்கியத்திலேயே எத்தனையோ வீடு விற்றிருக்கிறேன்.

சம்பளத்தில் பிடித்துக்கொள்கிற ஏற்பாட்டில் எனக்கும் ஒரு வீடு தருவதாக முதலாளி சொன்னார். டவுனைத் தாண்டி வாங்கின புது நிலத்தில் முதல் வீடாக எழும்பியது என் வீடுதான். கடைசிப் பூச்சுக் காய்வதற்குள் அவர் வந்து நின்றார். பிள்ள, சனத்துக்குக் காட்ட ஒரு வீடு வேணும், ஒரு மாசத்துக்கு மட்டும் இதைத் தா என்றார். நான் தலையாட்டினேன். என் கோபமெல்லாம் அம்மாவிடமும் பஸ் கண்டக்டரிடமும்தான் செல்லும், சம்பளம் தருகிறவரிடம் செல்லாது. அன்று சாயங்காலமே பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபா வந்து இறங்கியது. சிலிண்டர் இல்லாத கேஸ் அடுப்பு வந்தது. ஸ்டிக்கர் உரிக்காத எவர்சில்வர் பானைகள் வரிசையாக ஏறி உட்கார்ந்தன.

இந்த வீட்டுக்கு நான் இப்படித் துடிப்பானேன் என்று கேட்டால், என் தங்கச்சியைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்து வழக்கப்படி, ஒரு காம்பிராவில், அந்த லயத்து ஒற்றை அறை வீட்டில், இருக்கிறவர்களில் யாராவது ஒருவர் பேர் வேலைக்குப் பதிவாகியிருக்க வேண்டும். பேர் இல்லையென்றால் தோட்டத்து ஆபீசில் காம்பிராவைத் திருப்பிக் கேட்பார்கள். கடிதம் போட்டுக் கேட்பதில்லை, போகிற வருகிற இடத்தில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்பா இல்லை. அம்மாவுக்கு முழங்கால் போய், மலையேற முடியாமலானபோது, நான் பதுளையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தங்கச்சி உயர்தரம் பாஸ் பண்ணிவிட்டு நர்ஸ் பயிற்சிக்கு அறிவிப்பு வரும் என்று காத்துக்கொண்டிருந்தாள். ஆறே ஆறு மாசம் உன் பேரைப் பதிந்து வை, அக்கா வீடு எடுத்ததும் வெட்டிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய் நின்றாள். அந்த ஆறு மாசம் மூன்று வருஷம் ஆகிவிட்டது.

பயிற்சிக்கு வயசு எல்லை உண்டு. அடுத்து வருகிற அறிவிப்புத்தான் அவளுக்குக் கடைசி, அதற்கப்புறம் வயசு தாண்டிவிடும். லயத்திலிருந்துகொண்டே விண்ணப்பம் போடச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டாள். கூப்பிட்டுவிட்டார்கள் என்றால் போய்த் தங்கிப் படிக்க வேண்டும், பேரை வெட்ட வேண்டும், அம்மா எங்கே போவாள்? கூப்பிட்டும் போகாமல் இருப்பதைவிடக் கூப்பிடாமலே இருப்பது நல்லது என்றாள். வீட்டுச் சாவி கைக்கு வந்த நிமிஷம் ஃபாரத்தை நிரப்புவாளாம். அதனால் ஒரு சாவியில் அவள் ஆயுசே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சாவியோ என் இடுப்பில்தான் தொங்கியது, மாதிரி வீட்டைக் காலையில் திறந்து மாலையில் பூட்டுவதற்காக.

கம்பனி வளர்ந்தது. எப்படி வளராமல் இருக்கும், நான்தான் நன்றாகப் பேசுகிறேனே! ஹல்துமுல்லையில் நிலம் வாங்கினார்கள், பெரகல சந்தியில் இரண்டு ஆள் உயரத்துக்குப் போர்ட் வைத்தார்கள். குவைத்திலிருந்து திரும்பின அக்காமார், கொழும்புக் கடைகளில் பிள்ளைகள் வேலை செய்கிற அம்மாமார், புதிதாகக் கலியாணம் கட்டின வாத்தியார்மார் என்று சனம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு மாசக் கடைசியிலும் முதலாளி முன்னால் போய் நிற்பேன். ஹல்துமுல்லை முடியட்டும் பிள்ள என்பார். அது முடிந்தது, லுணுகலைப் பக்கம் ஆரம்பிக்கிறோம், அதுவரைக்கும் பொறு என்பார். நான் வீடு விற்க விற்க என் வீடு எனக்குத் தூரமாகிக்கொண்டே போனது. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். வேலையை உதறிவிட்டுப் போகலாமென்றால் வீடும் கூடவே போய்விடும். இரண்டு பக்கமும் சுவர், நடுவில் நான்.

ஞாயிற்றுக்கிழமைதான் சனம் அதிகம் என்பதால் எனக்குத் திங்கட்கிழமை லீவு. நான் தோட்டத்துக்குப் போகிற நேரம் தங்கச்சி மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பாள். இருட்டுகிற நேரம் வருவாள். விரலெல்லாம் கறை ஏறியிருக்கும், காலில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டே தேத்தண்ணி குடிப்பாள். முதல் வருஷம் வீடு என்னாச்சு என்று கேட்டாள். இரண்டாம் வருஷம் அம்மா கேட்டாள், இவள் கேட்கவில்லை. மூன்றாம் வருஷம் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால் நானும் கத்தித் தொலைத்திருப்பேன். அவர்கள் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை லுணுகலைப் பக்கத்து வேன் வந்தது. கம்பனியே வேன் அனுப்பித் தோட்டங்களிலிருந்து சனத்தைக் கூட்டிவந்து காட்டுகிற ஏற்பாடு அது. பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். கடைசியாகத் தங்கச்சி இறங்கினாள். வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலாளி அன்று பக்கத்து வீட்டு அத்திவாரத்தில் நின்றுகொண்டிருந்ததால் நானும் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் சொல்கிறதைச் சொல்லிக்கொண்டு போனேன். இது ஹோல், இது ரூம், இங்கே வெயில் காலையில் விழும். எல்லோரும் செருப்போடு நுழைந்தார்கள். அவள் மட்டும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். சோபாவைத் தொட்டுப் பார்க்கவில்லை. குசினி ஜன்னலிடம் போய் நின்று, வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"இந்த வீட்ட எப்ப குடுப்பீங்க மிஸ்?"

கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. வேனில் வந்த மற்றவர்கள் கேட்கிற மாதிரியேதான் கேட்டாள். மற்றவர்களுக்கு நான் சொல்கிற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நிலத்தைப் பொறுத்து ஒரு ஆறு மாசம். அந்த ஆறு மாசத்தை அவளிடம் இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அப்படி ஒரு வெட்கம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் வந்ததில்லை.

வேன் டிரைவரைச் சந்திக்கு அனுப்பிப் பால் வாங்கிவரச் சொன்னேன். கேஸ் அடுப்பில் சிலிண்டர் இல்லை என்பது எனக்குத் தெரியும். வேலை நடக்கிற இடத்தில் செங்கல்லுக்கா பஞ்சம்? மூன்று கல்லைத் தூக்கிவந்து குசினித் தரையில், பளபளக்கிற டைல்ஸின் மேலேயே வைத்தேன். தட்டுப்பலகைத் துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்தேன். விஷயம் தெரியாவிட்டாலும் வேனில் வந்த பொம்பளைகளுக்குப் பால் காய்ச்சப் போகிறார்கள் என்பது புரிந்துவிட்டது. ஒருத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தினாள், ஒருத்தி பானை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினாள். தீப்பெட்டியில் நான் உரசின இரண்டு குச்சியும் அணைந்துவிட்டன. தங்கச்சி வாங்கி ஒரே உரசலில் பற்றவைத்தாள்.

புகை ஜன்னல் வழியாகப் போனதைப் பார்த்துத்தான் முதலாளி ஓடிவந்தார். வாசலைத் தாண்டும்போது வாய் திறந்திருந்தது. அதே நேரம் பால் பொங்கிக் கல்லில் வழிந்து சுரீர் என்றது. மனுஷன் அப்படியே நின்றுவிட்டார். ஒரு அடி பின்னால் போய்ச் செருப்பைக் கழற்றினார். யாரோ ஒரு அம்மா அவர் கையிலும் ஒரு கிளாஸ் பாலைக் கொடுத்தாள். குடித்து முடிக்கிற வரைக்கும் அவர் என்னைப் பார்க்கவேயில்லை.

"சரி, பொங்கிருச்சு. இனி நான் என்னத்தச் சொல்ல" என்றார். கரி பிடித்த டைல்ஸைக் கால் விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை சனம் வந்தால் வீட்டைத் திறந்து காட்டத்தான் வேண்டும், குடும்பம் இருக்கிற வீட்டைப் பார்த்தால் இன்னும் நன்றாகத்தான் இருக்கும் என்றார். பாவம் புண்ணியமெல்லாம் அந்த ஒரு கிளாஸ் பாலோடு உள்ளே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

குடி வர மூன்று கிழமை ஆனது. தங்கச்சி தோட்டத்து ஆபீசுக்குப் போய்த் தன் பேரை வெட்டச் சொல்லிவிட்டு, காம்பிராச் சாவியையும் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். அம்மா புது வீட்டில் இரண்டு நாள் சுவரோரமாகவே நடந்தாள், நடுவில் நடந்தால் யாரோ திட்டுவார்கள் என்கிற மாதிரி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சண்டை போட்டாவது வாங்கிவிட்டேன் என்று எனக்கே என் மேல் ஒரு பெருமை.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கச்சி அப்பா படத்தை மாட்டுவதற்கு ஹோல் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். யாரையும் கேட்காமல் அடித்தாள். நான் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு, ஃபாரத்தை எடுத்து வா, நானும் உட்கார்ந்து நிரப்புகிறேன், நாளைக்கே தபாலில் போட்டுவிடலாம் என்றேன். அறிவிப்பு எப்போது வரும், எப்போது முடியும் என்பதெல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள் என்று நான் விட்டுவிட்டிருந்தேன். தெருவுக்குத் தெரு பேப்பர் தொங்குகிற டவுனில் இருந்தவள் நான், மலையில் கூடையோடு நின்றவள் அவள்.

"அது முடிஞ்சிருச்சுக்கா" என்றாள், சுத்தியலைக் கீழே வைக்காமல். "நான் வேன்ல வந்தேன்ல, அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமதான் கடைசி நாள்."

அப்படியென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை குசினி ஜன்னலிடம் நின்று கேட்டபோதே அவளுக்கு எல்லாம் முடிந்துபோயிருந்தது.

"பிறகு ஏன்டி அன்னைக்கு வந்த?"

"வீட்டயாவது பாத்துட்டுப் போவமேன்னுதான்."

வெளியே வேன் வந்து ஹோர்ன் அடித்தது. சனம் இறங்குகிற சத்தம் கேட்டது. நான் கதிரையிலேயே இருந்தேன். தங்கச்சி சுத்தியலை ஜன்னலில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.